குறி தப்பாத இயந்திரம் வேண்டுமா?

ஓடுகிற மானைக் குறி வைக்கும் வேடன், மான் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்து அம்பை விடமாட்டான். அம்பு போய்ச் சேருவதற்குள் மான் எங்கே போயிருக்குமோ, அந்த இடத்தைப் பார்த்துத்தான் விடுவான். இந்த வித்தையை அவனுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்துத் தடவை தவறி, பதினோராவது தடவை அவனாகவே கற்றுக்கொண்டான்.

கம்ப்யூட்டருக்கு அந்தப் பத்துத் தவறுகள் தேவையில்லை. ஒரு சமன்பாட்டைக் கொடுத்துவிட்டால் போதும். முதல் அம்பே மானின் மேல் தைக்கும். இரண்டாவதும் தைக்கும். ஆயிரமாவதும் தைக்கும்.

வீடியோ விளையாட்டுகளில் தகராறு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

திரையில் ஒரு வீரன் ஓடுகிறான். எதிரே ஒரு பீரங்கி. வீரனை ஓட்டுகிறவன் ஒரு சிறுவன். இடப்பக்கம் ஓடினாலும் குண்டு வந்து தலையில் விழுகிறது. வலப்பக்கம் ஓடினாலும் விழுகிறது. ஐந்து நிமிஷத்தில் ஐந்து முறை செத்துப் பிழைத்த பிறகு, "இது அழுகுணி ஆட்டம்!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான் பையன்.

பெரியவர்கள் சிரிப்பார்கள். "தோற்றவன் சொல்லும் சாக்கு இது" என்பார்கள். ஆனால், பையன் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். அவன் மோதியது வெறும் இயந்திரத்தோடு அல்ல. அந்த இயந்திரத்துக்குக் குறி வைக்கக் கற்றுக் கொடுத்த ஒரு மனிதர் பின்னால் இருக்கிறார். அவர் கணக்கைச் சரியாகப் போட்டார். கணக்கு முடிந்ததும் தம் வேலையும் முடிந்தது என்று எண்ணிவிட்டார். பிசகு அங்கேதான்.

கணக்கு என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பயப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமும், இருபடிச் சமன்பாடும் தெரிந்தால் போதும்.

ஒரு பீரங்கி இருக்கிறது. அதற்கு நேர் எதிரே 400 பிக்சல் தூரத்தில் ஒரு வண்டி. பிக்சல் என்பது திரையில் உள்ள மிகச் சிறிய புள்ளி. அந்த வண்டி பீரங்கிக்குக் குறுக்காக, விநாடிக்கு 150 பிக்சல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பீரங்கிக் குண்டின் வேகம் விநாடிக்கு 250 பிக்சல்.

புதிதாகப் புரோகிராம் எழுதுகிறவர் என்ன செய்வார்? வண்டி இருக்கும் இடத்தை நோக்கியே குண்டை விடுவார். குண்டு 400 பிக்சலைக் கடக்க 1.6 விநாடி ஆகும். அதற்குள் வண்டி 240 பிக்சல் தள்ளிப் போயிருக்கும். குண்டு வெற்றிடத்தில் விழும்.

"சரி, 240 பிக்சல் முன்னால் தள்ளிக் குறி வைப்போம்" என்று அவர் மாற்றி எழுதுவார். இப்போதும் தவறும்! ஏனென்றால், அந்தப் புதிய இடம் பீரங்கியிலிருந்து 400 பிக்சல் தூரத்தில் இல்லை. சுமார் 466 பிக்சல் தூரத்தில் இருக்கிறது. குண்டு அங்கே போய்ச் சேர 1.87 விநாடி ஆகும். அதற்குள் வண்டி 280 பிக்சல் போய்விடும்.

280-ஐக் குறி வைத்தால் வண்டி 293-ல் இருக்கும். 293-ஐக் குறி வைத்தால் 297-ல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 300-ல் நிலைக்கும். கம்ப்யூட்டர் இந்தத் திருத்தங்களை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். பல விளையாட்டுகளில் இந்த முறையையே கையாளுகிறார்கள். தவறே இல்லை.

ஆனால், ஒரே அடியில் விடை காணவும் வழி உண்டு. குண்டு போய்ச் சேர ஆகும் நேரம் எவ்வளவு என்பது தெரியாது. தெரியாததை ஓர் எழுத்தாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வண்டி போகும் தூரம் ஒரு பக்கம். ஆரம்பத்தில் இருந்த 400 பிக்சல் மற்றொரு பக்கம். குண்டு போகும் தூரம் கர்ணம். ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது! சமன்பாட்டைத் தீர்த்தால் விடை 2 விநாடி. வண்டி போன தூரம் 300. நேர் தூரம் 400. குண்டு போன தூரம் 500. பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 முக்கோணமேதான்.

"இருபடிச் சமன்பாடு வாழ்க்கையில் எதற்கு உதவும்?" என்று கேட்டு ஆசிரியரைத் திணறடிக்கும் மாணவன், சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தில் அந்தச் சமன்பாட்டின் கையால்தான் அடி வாங்குகிறான்! அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், கணக்கின் மேல் அவனுக்கு இருக்கும் கசப்பு பாதி தீர்ந்துவிடும்.

கணக்கு கை விரிக்கும் இடம்

இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள் வரும். ஒன்று கழிந்து போன காலத்தைக் குறிக்கலாம். அதை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டுமே வருங்காலத்தைக் குறித்தால், முதலில் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில சமயம் விடையே வராது. குண்டைவிட வேகமாக விலகி ஓடுகிற வண்டியை எந்தக் குண்டாலும் பிடிக்க முடியாது. சமன்பாடு அதை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

குண்டின் வேகமும் வண்டியின் வேகமும் சரிசமமாக இருந்தால் இன்னொரு சங்கடம். சமன்பாட்டின் முதல் உறுப்பு மறைந்துபோகும். அதைக் கவனிக்காமல் வழக்கமான சூத்திரத்தைப் போட்டால், பூஜ்யத்தால் வகுக்க நேரிடும். புரோகிராம் நின்றுபோகும், அல்லது பீரங்கி வானத்தைப் பார்த்துச் சுடும். பிறர் எழுதி வைத்த சூத்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் பெயர்த்து ஒட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற பள்ளம் இது.

குண்டு நேராகப் போகாமல், கல்லெறிந்தாற்போல வளைந்து விழும் ஆட்டமாக இருந்தால் கணக்கு இன்னும் கடினம். இருபடி போய் நாற்படிச் சமன்பாடு வந்து நிற்கும்.

இவ்வளவும் கடந்த பிறகு ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. விடை இல்லாத சமயத்தில் பீரங்கி என்ன செய்ய வேண்டும்? சும்மா இருக்க வேண்டுமா? குருட்டாம்போக்கில் சுட வேண்டுமா? விடை இருக்கும்போதுகூட, அதை அப்படியே நிறைவேற்றத்தான் வேண்டுமா?

இதற்குச் சமன்பாட்டில் பதில் இல்லை. புரோகிராம் எழுதுகிறவரின் மனத்தில்தான் பதில் இருக்க வேண்டும்.

யுத்தத்தில் வளர்ந்த கணக்கு

இந்தக் கணக்கு விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. யுத்தத்தில் வளர்ந்தது.

மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஆகாய விமானம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 111 மீட்டர். தரையிலிருந்து கிளம்பும் பீரங்கிக் குண்டு அந்த உயரத்தை எட்டப் பத்து விநாடி ஆனால், விமானம் அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஒரு கிலோமீட்டர் முன்னால் தள்ளி, ஒன்றும் இல்லாத ஆகாயத்தைக் குறி பார்த்துச் சுட வேண்டும்! மனிதனின் கண்ணாலும் கையாலும் ஆகிற காரியமா அது?

ஆகவே, இரண்டாவது உலக யுத்தத்தின்போது இதற்கென்றே இயந்திரங்களைச் செய்தார்கள். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் எம்-9 என்ற கருவியை உருவாக்கினார்கள். ராடார் விமானத்தைப் பார்க்கும்; கருவி கணக்குப் போடும்; பீரங்கி திரும்பும்.

1944 ஜூன் மாதத்தில் ஜெர்மானியர் லண்டன் மாநகரத்தின் மேல் வி-1 என்ற பறக்கும் குண்டுகளை ஏவத் தொடங்கினார்கள். அவற்றில் விமானி கிடையாது. நேர்கோட்டில், ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வரும். கணக்குப் போடும் பீரங்கிக்கு இதைவிட நல்ல இலக்கு எங்கே கிடைக்கும்? அந்த ஜூலையில் பீரங்கிகளை இங்கிலாந்தின் கடற்கரைக்கு மாற்றினார்கள். ராடார், எம்-9, இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து, ஏராளமான வி-1 குண்டுகளை நகரத்துக்கு வரும் முன்பே வீழ்த்தின.

ஆனால், விமானத்தில் மனிதன் இருந்தால் கதை வேறு. அவன் திரும்புவான், வளைவான், பயப்படுவான், தந்திரம் செய்வான். அவன் அடுத்து என்ன செய்வான் என்பதை எப்படிக் கணிப்பது? 1940-ம் ஆண்டு முதல் இந்தப் பிரச்னையில் மூழ்கியவர் அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர். ஜூலியன் பிகலோ என்ற என்ஜினீயருடன் சேர்ந்து, விமானியின் பழைய அசைவுகளிலிருந்து வருங்கால அசைவுகளைக் கணிக்க முயன்றார். அவர்களுடைய கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால், அந்தச் சிந்தனைகள் 1948-ல் "சைபர்நெட்டிக்ஸ்" என்ற பெயர் பெற்ற புத்தகமாக மலர்ந்தன.

யுத்தம் முடிந்ததும் வீனர் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. தாம் யுத்த காலத்தில் எழுதிய ஆராய்ச்சியின் பிரதி ஒன்றை, ஏவுகணை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஒருவர் கேட்டபோது, கொடுக்க மறுத்துவிட்டார். அந்த மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் "அட்லாண்டிக் மந்த்லி" பத்திரிகையில் வெளியாயிற்று. குறி வைக்கும் கணக்கைப் போட்டவரே, "இது யார் கைக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று பார்ப்பதும் என் பொறுப்பு" என்று கருதினார்.

யுத்தத்தில் பீரங்கியின் தர்மம் ஒன்றே: தப்பவிடக் கூடாது. விளையாட்டில் அப்படி அல்ல. ஆடுகிறவர் தப்ப முடிந்தால்தான் அது விளையாட்டு. கணக்கு ஒன்றுதான், தர்மம் வேறு. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்தாம் அழுகுணி ஆட்டத்தை உண்டாக்குகிறார்கள்.

முன்னோடிகள் செய்தது

பழைய விளையாட்டுகளை எழுதியவர்கள் இதை மறக்கவில்லை.

1962-ல் அமெரிக்காவின் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டரில் "ஸ்பேஸ்வார்" என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு பேர் இரண்டு விண்கலங்களை ஓட்டி ஒருவரை ஒருவர் சுட வேண்டும். நிஜத்தில் ஆயுதங்கள் பிசகுவது உண்டல்லவா? அதைப் போலவே இருக்கட்டும் என்று, ரஸ்ஸல் முதலில் குண்டுகளின் போக்கில் சிறு பிசகை வைத்துப் பார்த்தார். ஆடியவர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நான் சரியாகத்தானே சுட்டேன்!" என்ற ஆத்திரம். பிசகு நீக்கப்பட்டது.

1979-ல் அடாரி கம்பெனி வெளியிட்ட "ஆஸ்டராய்ட்ஸ்" விளையாட்டில் இரண்டு வகைப் பறக்கும் தட்டுகள் வரும். பெரியது கண்டபடி சுடும். சிறியதோ குறி பார்த்துச் சுடும். ஆனால் ஆரம்பத்தில் அதன் குறியில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். ஆடுகிறவர் வாங்கும் புள்ளிகள் ஏற ஏற, தடுமாற்றம் குறைந்துகொண்டே வரும். பெரிய ஆட்டக்காரரிடம்தான் அது தன் முழுத் திறமையைக் காட்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடுகிறவர் கையில் உள்ள ஆயுதத்தில் பிசகு இருந்தால் அது அநியாயம். இயந்திரத்தின் கையில் பிசகு இருந்தால் அது நியாயம்! பிசகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை இந்தத் துறை தொடக்கத்திலேயே அனுபவத்தில் அறிந்துகொண்டது.

1980-ல் வந்த "மிஸைல் கமாண்ட்" இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் குறி வைக்கும் வேலையை மனிதனிடமே கொடுத்துவிட்டார்கள். மேலிருந்து ஏவுகணைகள் இறங்குகின்றன. கீழே ஆறு நகரங்கள். ஏவுகணை இப்போது இருக்கும் இடத்தில் சுட்டால் பிரயோஜனமில்லை. அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே வெடியை வைக்க வேண்டும். எம்-9 இயந்திரம் செய்த அதே கணக்கை, ஆடுகிறவர் சமன்பாடு ஏதும் இல்லாமல், கண்ணால் போடுகிறார். எத்தனை சாமர்த்தியமாக ஆடினாலும் கடைசியில் நகரங்கள் அழிந்தே தீரும். அதை எழுதிய புரோகிராமருக்கு அந்த நாட்களில் அணுகுண்டு யுத்தக் கனவுகள் வந்து தூக்கம் கெட்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். குறி வைக்கும் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

1993-ல் வெளிவந்த "டூம்" விளையாட்டில் இம்ப் என்ற பேய் நெருப்புருண்டை வீசும். ஆடுகிறவர் நிற்கும் இடத்தைப் பார்த்தே வீசும். முன்னால் தள்ளிக் குறி வைக்கத் தெரியாது. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தால் தப்பிவிடலாம். ஓட்டத்தின் வேகமே அந்த ஆட்டத்தின் ருசி. பேய்க்கு அறிவு அதிகமாகியிருந்தால் ருசி கெட்டுப்போயிருக்கும்.

அதே ஆட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆடுகிறவர் மங்கலாகத் தெரியும்படி செய்யும் ஒரு கோளம் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டால் பேய்களின் குறி சிதறும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அனுபவசாலிகள், "நெருப்புருண்டை வீசும் பேயிடம் ஜாக்கிரதை!" என்பார்கள். நேராக வரும் உருண்டைக்கு விலகுவது சுலபம். எங்கே வரும் என்று தெரியாத உருண்டைக்கு எப்படி விலகுவது? ஓடி ஒதுங்கிய இடத்துக்கே அது வந்து விழக்கூடும்.

ஆகவே, குறியைச் சிதற அடித்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது. எதிரி என்ன செய்வான் என்று ஆடுகிறவர் ஊகிக்க முடிய வேண்டும். அதுதான் முக்கியம்.

நியாயத்துக்கும் கணக்கு உண்டு

"நியாயம், தர்மம் என்பதெல்லாம் கணக்கில் வருமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வரும்.

மனிதன் ஒன்றைக் கண்டு, புரிந்துகொண்டு, கையை அசைக்க ஏறக்குறைய கால் விநாடி ஆகும். மேலே பார்த்த உதாரணத்தில் குண்டு வந்து சேர 2 விநாடி ஆயிற்று. கால் விநாடி போக, ஒன்றே முக்கால் விநாடி கையில் இருக்கிறது. விநாடிக்கு 150 பிக்சல் வேகத்தில் ஓடுகிறவர் அதற்குள் 260 பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடலாம். பீரங்கி சுட்ட அதே கணத்தில் அவர் வந்த வழியே திரும்பி ஓடினால், குண்டு விழும் இடத்துக்கும் அவருக்கும் 600 பிக்சல் இடைவெளி! பீரங்கியின் கணக்கு முழுக்கச் சரி. ஆயினும் தவறிவிட்டது. ஏனென்றால், "நீ இப்படியே போவாய்" என்று அது நம்பியது. அவர் அப்படியே போகவில்லை. ஏமாந்தது இயந்திரம், ஜெயித்தது மனிதன். ஆட்டத்தின் ஆனந்தமே அதுதான்.

இப்போது குண்டின் வேகத்தை மட்டும் விநாடிக்கு 2,000 பிக்சலாக மாற்றுவோம். 400 பிக்சல் தூரத்தைக் கடக்க ஐந்தில் ஒரு பங்கு விநாடி போதும். மனிதன் பார்ப்பதற்குள் குண்டு வந்துவிட்டது! திரும்பவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. சமன்பாடு அதே சமன்பாடுதான். ஆனால் முன்னது விளையாட்டு, பின்னது தண்டனை.

குண்டு வந்து சேரும் நேரம், மனிதனின் கால் விநாடியைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். அல்லது, சுடுவதற்கு முன் பீரங்கி திரும்புவதோ, ஒரு விளக்கு எரிவதோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். குறி வைக்கும் சமன்பாட்டுக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டாவது கணக்கையும் ஒவ்வொரு புரோகிராமரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கணக்கைப் போட எவராலும் முடியும். இரண்டாவதைப் போடுகிறவர்தான் விளையாட்டு எழுதத் தகுந்தவர்.

விட்டுக்கொடுப்பது ஏமாற்றா?

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. "இயந்திரம் வேண்டுமென்றே தவற விடுவதும் ஒரு பொய்தானே? ஜெயித்தவன் உண்மையில் ஜெயித்தானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

2007-ல் வெளிவந்த "பயோஷாக்" விளையாட்டில், எதிரியின் முதல் குண்டு ஆடுகிறவர் மேல் படாதபடி அமைத்திருந்ததாக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரே பத்து ஆண்டுகள் கழித்துச் சொன்னார். எதிர்பாராத திசையிலிருந்து திடீர் அடி விழக்கூடாது என்பது அவர்கள் நோக்கம். முதல் குண்டு எச்சரிக்கை. இரண்டாவது குண்டிலிருந்து சண்டை. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால், இதையே அளவு மீறிச் செய்தால் ஆபத்து. ஆடுகிறவர் சாகும் தறுவாயில் இருக்கும்போதெல்லாம் எதிரிகளின் குண்டுகள் அவரை விட்டு விலகிப் போனால், ஒரு நாள் அவருக்கே தெரிந்துவிடும். குழந்தையோடு பந்தயம் ஓடும் தகப்பனார் வேண்டுமென்றே பின்தங்குவார். குழந்தை கைகொட்டும். ஆனால், தகப்பனார் விட்டுக்கொடுத்தார் என்பது தெரிந்த அன்று, அந்த வெற்றி கசந்துவிடும். "என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை" என்று தோன்றும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அதுவே சரியான வழி. இயந்திரத்தின் குறியைக் கெடுக்க வேண்டாம். அதற்குத் தெரிகிற விஷயங்களைக் குறைத்தால் போதும்.

கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும். ஆடுகிறவரின் வேகம் பின்னம் பிசகாமல் தெரியும். அவர் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் தெரியும். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் தெரியும். சீட்டாட்டத்தில் எதிராளியின் கையைப் பார்த்துக்கொண்டே ஆடுவதற்கு இது சமானம். பையன் "அழுகுணி ஆட்டம்" என்றது இதைத்தான்.

ஆகையால், இயந்திரத்துக்கும் மனிதனுக்கு உள்ளதைப் போன்ற கண்ணையே கொடுக்க வேண்டும். கால் விநாடிக்கு முந்திய வேகத்தைத்தான் அது பார்க்கலாம். கண்ணில் படாதவரை அது குறி வைக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் நின்று, அது தன் முழு மனத்தோடு, முழுக் கணக்கோடு சுடட்டும்! அப்போதும் தவறினால், அது விட்டுக்கொடுத்த தவறல்ல. ஆடுகிறவர் தம் சாமர்த்தியத்தால் சம்பாதித்த தவறு. பட்டால், அதுவும் ஒப்புக்கொள்ளக்கூடிய அடி.

சின்னக் குழந்தைகளுக்கும், கை சுறுசுறுப்புக் குறைந்த முதியவர்களுக்கும் ஆட்டம் இன்னும் இலகுவாக இருக்கட்டும். ஆனால் அதை "சுலபம், நடுத்தரம், கடினம்" என்று வெளிப்படையாக எழுதி, தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். மறைத்துச் செய்யும் தயவைவிட, கேட்டுச் செய்யும் உதவி மரியாதையானது.

எய்தவர் பொறுப்பு

"வெறும் விளையாட்டு விஷயத்துக்கு இவ்வளவு பேச்சு எதற்கு?" என்று கேட்கலாம்.

விளையாட்டில்தான் குழந்தை முதன்முதலாக நியாயத்தைக் கற்றுக்கொள்கிறது. விதி எல்லாருக்கும் ஒன்று என்பதையும், தோற்றாலும் மறுபடி முயலலாம் என்பதையும் அங்கேதான் அறிகிறது. கோலி விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை மற்றப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இன்று அந்த எதிராளியின் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேர்க்காமல் தள்ளிவைக்கப் பிள்ளைகளால் முடியாது. அதனோடு மாரடிக்கிற பிள்ளை, "முயன்று பயனில்லை" என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டால், அந்தப் பாடம் திரையோடு நின்றுவிடும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

மனிதனைவிடச் சரியாகக் குறி வைக்கும் இயந்திரத்தைச் செய்வது இன்று பெரிய காரியமல்ல. பள்ளிக்கூடக் கணக்கு போதும். மனிதன் மனிதனோடு ஆடுவதைப்போல ஆடுகிற இயந்திரத்தைச் செய்வதுதான் பெரிய காரியம். அதற்குக் கணக்கோடு கொஞ்சம் மனமும் வேண்டும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். குண்டு சமன்பாட்டின்படி போகிறது. சமன்பாடு எழுதியபடி நடக்கிறது. எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை ஒரு பையன் "அழுகுணி ஆட்டம்" என்று எழுந்து போகும்போது, அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்தான்.